முகம் திருப்பும் வேலை

அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் தங்கை வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. பல்கலைக்கழகத்தில், மனோதத்துவத் துறையில் இருக்கிறாள் என்பார்கள். அதற்கு மேல் யாராவது துருவினால் தங்கையின் கணவர் முந்திக்கொள்வார்.

"வர்ற ஆளைக் கண்டுக்காம இருக்கணும். அதான் வேலை. எங்க ஆபீஸ்ல இதை எல்லாரும் ஓசியிலயே செய்றாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. துறைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு அறை. மூன்று நாற்காலிகள், ஒரு குட்டை மேசை, மேசைமேல் பழைய பத்திரிகைகள். குழுவாக வேலை செய்யும் திறன் பற்றி ஆய்வு நடக்கிறது, கலந்துகொள்ள வாருங்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் ஒரு நாற்காலியில் உட்காருவார். மற்ற இரண்டிலும் அவரைப் போலவே விளம்பரம் பார்த்து வந்தவர்கள் மாதிரி இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவன் நாடகக் கல்லூரிப் பையன். இன்னொருத்தி இவள். சும்மா பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சி மாணவி வெளியே போய்விடுவாள். மூவரும் கலகலப்பாகப் பேசுவார்கள். பையன் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகியதும் ஆட்டம் மாறும். அவனும் இவளும் ஒருவருக்கொருவர் மட்டும் பேசத் தொடங்குவார்கள். வந்தவர் ஏதாவது சொன்னால் காதில் விழாததுபோல இருப்பார்கள்.

பிறகு மாணவி வந்து, யாரோடு சேர்ந்து வேலை செய்ய விருப்பம் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போவாள். வந்தவரை மட்டும் பக்கத்து அறைக்கு அழைத்து, உங்களை இரண்டு பேருமே எழுதவில்லை, நீங்கள் தனியாகச் செய்யுங்கள் என்பாள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் அதற்குப் பின் ஒரு புதிரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறார், எப்போது கைவிடுகிறார் என்பதைத்தான் ஆய்வு பார்த்தது.

இப்படி ஆய்வாளர்கள் பக்கம் நின்று நடிப்பவர்களைத் துறையில் கூட்டாளி என்பார்கள். அவள் கூட்டாளி அக்கா. வேலை கச்சிதம் என்று அவளுக்குப் பெயர். புதிதாக வருகிறவர்கள் முகத்தைச் சட்டென்று திருப்பிவிடுவார்கள். எதிரில் இருப்பவருக்குக் கோபம் வரும், ஆய்வு கெட்டுவிடும். அவள் திருப்பமாட்டாள். பார்வையை மட்டும் எதிராளியின் கண்ணிலிருந்து எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைப்பாள். பார்க்கிறாளா, பார்க்கவில்லையா என்றே அவருக்குத் தெரியாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடைசி வருடங்களில் அவளுடைய அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. கஞ்சி ஊட்டும் மகளின் காதருகே வேறு யாரோ நிற்பதுபோல அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையைத் தினமும் எதிரில் உட்கார்ந்து வாங்கியவள் அவள்.

தங்கைக்குக் கல்யாணம் ஆகி, அம்மா படுக்கையில் விழுந்து, அம்மா போய், அதற்குள் அவளுக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். டாக்டர் தன் மகன் வீட்டோடு போய்விட்டபோது கிளினிக் மூடப்பட்டது. அதன்பின் கிடைத்தது இந்த வேலை. ஒரு மாடியறையில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் செய்வாள். பாதிப் பேச்சில் குக்கர் விசிலடிக்கும், "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வரும்.

வேலையில் அவளுக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. புதிர் முடிந்ததும் வந்தவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். துறையில் அதற்கு விளக்கம் என்று பெயர். எல்லாம் நடிப்பு, சீட்டில் யாரும் எதுவும் எழுதவில்லை, உங்களிடம் ஒரு குறையும் இல்லை என்று மாணவி சொல்வாள். பிறகு கூட்டாளிகளை உள்ளே அழைப்பாள். அவள் சிரித்துக்கொண்டே போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். "நீங்க சொன்னது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்பாள். எதிரில் இருக்கிற முகம் தளர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, சிரிக்கும். ஒரு பெண்மணி அவள் தோளில் செல்லமாக ஒன்று போட்டாள். ஒரு பெரியவர், "பாவி, உன்னைத் திட்டிக்கிட்டேதாம்மா அந்தப் புதிரைப் போட்டேன்" என்றார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொள்வாள். வாரம் முழுக்க அவளிடம் சிரித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கண்ணாடிக்காரர் வந்தது ஒரு மழைநாளில். கண்ணுக்குச் சோதனை செய்து கண்ணாடி போட்டுத் தரும் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தொடும் வயது. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் வெளிநாட்டில். "கடையை விட்டா வீடு, வீட்டை விட்டா கடைன்னு இருக்காதீங்கப்பா, நாலு பேரைப் போய்ப் பாருங்கன்னு சொல்றா. நாலு பேருக்கு எங்க போறது? விளம்பரத்துல மூணு பேருன்னு போட்டிருந்துச்சு, வந்துட்டேன்" என்றார். அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. பையனும் சிரித்தான். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர். புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போன ஒருவர் மறுநாளே சண்டைக்கு வந்த கதையை ஆரம்பித்தார். சண்டைக்கு வந்தவருடைய நடை, குரல், மேசையில் அந்த ஆள் தட்டிய விதம் எல்லாவற்றையும் செய்து காட்டினார். மேசையில் தட்டிய கை இன்னும் தூக்கியபடி இருக்கும்போது பையன் பேனாவைச் சட்டைப்பையில் செருகினான்.

அவள் பார்வையை எடுத்து அவர் காதருகே வைத்தாள். பையனிடம், "நீங்க எந்தப் பக்கத்திலேருந்து வர்றீங்க?" என்று கேட்டாள். அவர் நிறுத்தவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு கையைக் கீழே இறக்கினார். நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த அறையில் மாணவி வழக்கமானதைச் சொன்னபோது, "பரவாயில்லைங்க, சகஜம்தான்" என்றார். புதிரைக் கையில் எடுத்தார். அப்படியே திருப்பி வைத்துவிட்டு, "நான் கிளம்பறேனே" என்றார். யார் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் கேட்கக் கூடாது, கையைப் பிடித்து நிறுத்தக் கூடாது என்பது விதி. அந்த மாணவி வேலைக்குப் புதிது. விதியை மனப்பாடமாக வைத்திருந்தாள். "உங்க விருப்பம் சார்" என்று கதவைத் திறந்துவிட்டாள். விலகிப் போகிறவருக்கும் விளக்கம் உண்டு என்பது அவளுக்கு உறைத்தபோது அவர் படியிறங்கிவிட்டிருந்தார். வெளியே ஓடிப்போய்க் கூப்பிடலாமா, கூடாதா என்று கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள்.

முதல் அறையில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்த கூட்டாளி அக்கா ஜன்னலுக்குப் போனாள். அவர் வாசல் கேட் அருகில் கொஞ்ச நேரம் நின்றார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மறந்துபோனவர்போல இருந்தார்.

மறுநாள் அவள் பேராசிரியையிடம் போனாள். அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமே என்றாள். பேராசிரியை நிதானமான மனுஷி. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். விலகிப் போனவரை நாம் தேடிப் போகக் கூடாது என்றார். ஒரே ஒரு கடிதம் அனுப்பலாம், அனுப்பியாகிவிட்டது. விவரம் வேண்டுமானால் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று மட்டுமே அதில் எழுத முடியும். இரகசியத்தை எழுதினால் ஊரெல்லாம் பரவி ஆய்வு நின்றுவிடும். அவர் வந்து கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் சொல்ல வழியில்லை.

"அவர் எதைக் கேக்கணும்னே அவருக்குத் தெரியாதே மேடம்."

"தெரியாதுதான்" என்றார் பேராசிரியை. "இந்த விதியெல்லாம் இல்லாதப்ப என்ன நடந்துச்சுன்னு நான் பார்த்திருக்கேன். வேண்டாம்னு போனவங்களை வீட்டு வாசல் வரைக்கும் துரத்தியிருக்காங்க. அவங்களைக் காப்பாத்தத்தான் இதைப் போட்டாங்க. இவர் விஷயத்துல அது இப்படித் திரும்பிடுச்சு. எனக்கும் தூக்கம் வரலை. ஆனா இவருக்காக நான் அதை உடைச்சா, நாளைக்கு இன்னொருத்தர் வேற எதுக்காகவோ உடைப்பார்."

அவர் சொன்னதில் அவளால் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் பேசாமல் வெளியே வந்தாள். வேலைக்குச் சேரும்போது, அறையில் நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். சொன்னால் வேலை போகும். வேலை போனால் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற முகங்களும் போகும்.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. அவள் தேடவில்லை. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு அந்த வழியாக நடந்தபோது கண்ணில் பட்டது. அதன்பிறகு பஸ்ஸைத் தவறவிடுவது அடிக்கடி நடந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே நின்று டீ குடித்தால் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டத்தில் வில்லையைப் பொருத்திக்கொண்டிருப்பார். ஆள் வந்தால் எழுந்திருப்பார், வேலை முடிந்தால் உட்கார்ந்துவிடுவார்.

டீக்கடைக்காரர் தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"கண்ணாடி போடணுமா? நல்லாப் போடுவாரு. என்ன, முன்னாடி மாதிரி இல்ல. முன்னாடி அவர்கிட்ட கண்ணைக் காட்டப் போனா வயிறு வலிச்சுத்தான் வெளிய வரணும், அப்படிச் சிரிக்க வைப்பாரு. இங்க டீ குடிக்க வந்தா என் வியாபாரத்தையே கெடுத்துருவாரு, ஒருத்தனும் கிளாஸைத் திருப்பித் தரமாட்டான். இப்ப வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டாரு. டீயைக்கூட உள்ள அனுப்பச் சொல்றாரு."

"எப்பலேருந்து?"

"போன மழைக்காலத்துலேருந்துன்னு வைங்க. என்னண்ணே ஆச்சுன்னு கேட்டேன். 'நம்ம பேச்சு நமக்குத்தான்டா இனிக்குது, கேக்கறவனைப் பத்தி யோசிக்கவே இல்ல பாரு'ன்னாரு. யாரோ எதையோ சொல்லிட்டாங்க போல."

டீ ஆறிப்போனது. அவள் கிளாஸை வைத்துவிட்டு நேராகக் கடைக்குள் போனாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பதை முகம் காட்டிக்கொடுத்தது. ஆனால் எல்லா வாடிக்கையாளர்களிடமும் கேட்பதுபோலவே, "சொல்லுங்கம்மா" என்றார். படிக்கும்போது எழுத்து கலங்குகிறது என்றாள் அவள். அது உண்மைதான். உள்ளே இருட்டறையில் உட்கார வைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். இது தெளிவா, முன்னால் போட்டது தெளிவா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவர் முகம் அவள் முகத்துக்கு அருகில் இருந்தது. பார்வை கண்ணில் இருந்தது, அவளிடம் இல்லை.

சட்டத்தைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. பையன், பேனா, சீட்டு, புதிர் என்று முன்பின்னாகக் கொட்டினாள். தான் எதையும் எழுதவில்லை, எழுதுவதும் கிடையாது, வருகிற எல்லோருக்கும் இதையேதான் செய்கிறோம் என்றாள். அவர் சட்டத்தை அவள் மூக்கிலிருந்து மெதுவாக எடுத்து, வில்லைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அதனதன் இடத்தில் வைத்தார். பிறகு நிமிர்ந்து அறையின் மூலைகளைப் பார்த்தார்.

"கேமரா எங்கம்மா இருக்கு?"

"கேமரா இல்லைங்க. யாரும் அனுப்பலை. நானா வந்தேன்."

"அன்னிக்கும் நீங்களா வந்த மாதிரிதான் இருந்துச்சு."

அவர் விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் இருவருமே வயசானவர்களாகத் தெரிந்தார்கள்.

"சரி, உங்க பேச்சுக்கே வர்றேன். நடிக்கச் சொல்லலைன்னு வைங்க. சீட்டுல நிஜமா எழுதணும். யாரை எழுதியிருப்பீங்க?"

"உங்களைத்தான்."

"அந்தப் பையன் நல்லாப் பேசினான்."

"அவன் பேசறது எனக்கு மனப்பாடம். தினம் அதையேதான் பேசறான்." அவள் சிரிக்க முயன்றாள். "உங்க பேச்சைத்தான் கேக்கணும்போல இருந்துச்சு. அவன் பக்கம் திரும்பவே மனசு வரலை."

"ஆனா திரும்பினீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடி தயாராகிவிடும் என்று சொல்லி ரசீது எழுதத் தொடங்கினார்.

அவள் எதிர்பார்க்காத ஒன்றை அவர் செய்தார். இரண்டு நாள் கழித்துத் துறைக்கு வந்துவிட்டார். அன்று என்னோடு அறையில் உட்கார்ந்திருந்த அம்மா கடைக்கு வந்து இப்படி இப்படிச் சொன்னார், அது நிஜமா என்று வரவேற்பில் கேட்டார். கேட்டவருக்கு விளக்கம் சொல்லலாம் என்பதால் பேராசிரியைக்கு அதில் சிக்கல் இல்லை. கேட்க வைத்தது யார் என்பதில்தான் சிக்கல். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"போனீங்களா?"

"போனேன்."

"ஆய்வு விதிகளைப் பார்த்துக்கற குழுவுக்கு நான் இதை எழுதியாகணும். இனிமே நீங்க அந்த அறையில உட்கார முடியாது."

"தெரியும் மேடம்."

"நூலகத்துல ஏதாவது பார்க்கச் சொல்றேன். அவங்ககிட்ட கேக்கறதுல எனக்கொண்ணும் கஷ்டமில்ல." பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க செஞ்சது தப்புன்னு எனக்கு உள்ளுக்குள்ள சொல்லத் தெரியலை. ஆனா எழுதறப்ப தப்புன்னுதான் எழுதுவேன்."

விளக்கத்தின்போது மட்டும் நான் உள்ளே வரலாமா என்று அவள் கேட்டாள். அது முடியாது என்றார். நீங்கள் ஏற்கெனவே அவரிடம் போய்ப் பேசியாயிற்று. இனி நீங்கள் எதைச் சொன்னாலும் அவரைக் குழப்பும். துறை சொல்வதை அவர் துறையிடமிருந்து மட்டுமே கேட்க வேண்டும். இதிலும் அவளுக்குத் தப்பு தெரியவில்லை.

அவள் தன் அலமாரியைக் காலி செய்தாள். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சால்வை, ஒரு சீப்பு. பையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. மாணவியின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டது. எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது வார்த்தை விளங்காமலேயே இவளுக்குத் தெரிந்தது. இப்போது சீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது, உங்களிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் சிரித்தார். தயங்கித் தயங்கி ஆரம்பித்து, அடக்க முடியாமல் பெரிதாகிய சிரிப்பு. பையனும் சேர்ந்து சிரித்தான். அவனை மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. அவளைப் பார்த்ததும் அவர் நேராக வந்தார். முகம் துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"அம்மா, நீங்க சொன்னதைத்தான் அவங்களும் சொன்னாங்க. அன்னிக்கு நம்பாம உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"நான் சொன்னப்ப ஏங்க நம்பலை?"

"அவங்க நாற்காலி, மேசை போட்டு உட்கார்ந்து சொல்றாங்க. நீங்க என் கடைக்குள்ள வந்து அழற மாதிரி சொன்னீங்க." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். "கூட்டாளிங்க பேசறது ஒவ்வொரு வார்த்தையும் எழுதிக் கொடுத்ததாமே. நானும் ராத்திரியெல்லாம் உக்காந்து, என்ன தப்பாப் பேசிட்டோம்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம். இன்னிக்கு என் பொண்ணுக்கு போன் பண்ணிச் சொல்லணும்."

"சொல்லுங்க."

"கடையில என்னைத்தான் எழுதியிருப்பேன்னு சொன்னீங்களே, மனசு நோகக் கூடாதுன்னு. அதுக்கும் நன்றி."

"அதை யாரும் எழுதிக் கொடுக்கலை" என்றாள் அவள். "அது நான் சொன்னது."

அவர் அவளைப் பார்த்தார். நல்ல மனிதர். அந்தப் பார்வையில் ஒரு துளி வருத்தம்கூட மிச்சம் இல்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார்.

"சும்மா சொல்லக் கூடாது, நல்லா நடிக்கிறீங்கம்மா. அந்தப் பையனெல்லாம் உங்க பக்கத்துல நிக்க முடியாது. டிவியில ஏதாவது முயற்சி பண்ணிப் பாருங்க." இரண்டு அடி போய்த் திரும்பினார். "கண்ணாடி வந்தாச்சு. நான் இல்லைன்னாலும் பக்கத்து டீக்கடையில கொடுத்து வைக்கிறேன்."

படியில் அவர் காலடி வேகமாக இறங்கியது. கீழே வாசலில் காவலாளியிடம் ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். பிறகு அவர் குரல் உயர்ந்தது, மாறியது, இன்னொருவருடைய குரலாயிற்று. கதை சொல்கிறார். எந்தக் கதை என்று மாடியிலிருந்து பிடிபடவில்லை. காவலாளி சிரித்தான், இன்னும் யாரோ வந்து நின்றுகொண்டார்கள் போலிருக்கிறது, சிரிப்பு இரண்டாயிற்று.

வெளியே போக வேறு வழி கிடையாது, அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கதை முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றை ஆரம்பித்தார்.